அம்புக்குறி மாஸ்டர்

பேசாலையில் என் முழுப்பெயரைச் சொல்லி வீடு விசாரித்தால் பத்துப் பேரில் எட்டுப் பேர் கையை விரிப்பார்கள். கொன்ஸ்ரன்ரைன் என்று வாய் நிறையச் சொல்ல யாருக்கு நேரம் இருக்கிறது? அம்புக்குறி மாஸ்டர் என்று கேட்டால் மட்டும் என் வீட்டுப் படலைவரைக்கும் கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பெயரில் எனக்குக் கனகாலம் பெருமை இருந்தது. இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் காது கேட்காதவன்போலப் போய்விடுகிறேன். ஏன் என்று சொல்கிறேன். சொல்லி முடிக்கும்வரை யாரும் என்மேல் இரக்கப்பட வேண்டாம், அதற்கு நான் லாயக்கானவன் இல்லை.

முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஸ் படிப்பித்தேன். பென்சன் எடுத்த பிறகு கோயில் மண்டபத்தில், சனி ஞாயிறு பின்னேரங்களில், வளர்ந்தவர்களுக்குப் படிப்பித்தேன். இலக்கணத்தில் எல்லாம் எனக்குத் தெரியும் என்றாலும், என் சொந்தச் சொத்து என்று நான் நினைத்திருந்தது பிரதிப்பெயர்ப் பாடம்தான். ஹீ, ஷீ, இற், தே. இந்தச் சொற்கள் தாங்களாக ஒன்றுமில்லாதவை. முன்னே ஒரு பெயர் நிற்க வேண்டும், அதன் இடத்தில்தான் இவை வந்து நிற்கும். எந்தப் பெயரின் இடத்தில் என்று தெரியாவிட்டால் வசனம் குப்பை. நான் கரும்பலகையில் வசனத்தை வெள்ளைச் சோக்கால் எழுதி, ஒவ்வொரு ஹீயிலிருந்தும் அதற்குரிய பெயருக்குச் சிவப்புச் சோக்கால் ஓர் அம்புக்குறி போடுவேன். பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது.

தமிழில் இந்தத் தொல்லை இல்லை. அவர் வந்தவர், அவ பேசினவ, அதுகள் அழுததுகள் என்று ஒரு பெயரும் சொல்லாமல் முழுக் குடும்பக் கதையையும் சொல்லி முடித்துவிடுவோம், கேட்கிறவருக்கும் விளங்கிவிடும். இங்கிலிசில் அந்தப் பாச்சா பலிக்காது. எட்வேட் அம்புறோசைக் கண்டபோது அவன் அழுதுகொண்டிருந்தான் என்று எழுதினால், அழுதது யார்? அம்பை எங்கே போடுவது? போட முடியாது, ஆகவே பெயரைத் திருப்பி எழுது. சில நேரம் அம்பு முன்னாலும் பாயும். அவன் வீட்டுக்கு வந்தபோது எட்வேட்டுக்குப் பசி என்று இங்கிலிசில் தாராளமாக எழுதலாம், ஹீ முதலில் வரும், எட்வேட் பிறகு வருவான். இதை நான் சொல்லிக்காட்டும்போது வகுப்பே வாயைப் பிளந்துகொண்டிருக்கும். எனக்குக் கோபம் வந்தால் சோக்கை உடைத்து எறிகிற பழக்கமும் இருந்தது. யாரும் எதிர்த்து ஒரு சொல் கேட்கமாட்டார்கள். மாஸ்டர் என்றால் மாஸ்டர்தான்.

ஒன்றை மட்டும் அந்த முப்பத்தொரு வருடத்திலும் யாருக்கும் சொல்லவில்லை. நான் வெள்ளைக்காரன் ஒருவனோடு வாய் திறந்து இங்கிலிஸ் கதைத்தது கிடையாது. எழுதுவேன், வாசிப்பேன், திருத்துவேன். கதைப்பதற்கு எங்கள் ஊரில் யார் இருந்தார்கள்? தேவை வரவில்லை, தேவை வரக் கூடாது என்று உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. சண்டை நின்றிருந்த நேரம். பாதை திறந்து, வெள்ளை வாகனங்களில் வெளிநாட்டு நிறுவனங்கள் எங்கள் தீவுக்குள் வந்துகொண்டிருந்தன. இங்கிலிஸ் தெரிந்தால் வேலை என்று ஒரு கதை பரவியதும் என் வகுப்புக்கு இருபத்தாறு பேர் சேர்ந்தார்கள். அதில் ஒருத்தி பிரான்சிஸ்கா. நாற்பத்தெட்டு வயது. குவைத்தில் பதினொரு வருடம் வீட்டுவேலை செய்துவிட்டு வந்தவள். கன்னியர் நடத்திய சின்ன ஆசுப்பத்திரியில் வார்ட்டுக் கழுவித் துடைக்கிற வேலை பார்த்தாள். இங்கிலிஸ் எழுத வாசிக்கப் பழகினால் உள்ளே பதிவு எழுதுகிற வேலை தருவதாகச் சிஸ்ரர்மார் சொல்லியிருந்தார்கள். அதற்காக ஒரு நாளும் பிந்தாமல் வந்து முன்வாங்கில் இருப்பாள்.

ஒரு சனிக்கிழமை, உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றை ஐந்து வசனத்தில் சொல்லுங்கோ என்று கேட்டேன். மற்றவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். பிரான்சிஸ்கா எழும்பினாள். தயக்கமே இல்லை, தண்ணீர்போல ஓடியது. குவைத்தில் வீட்டுக்கார அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாள், வீட்டில் வேறு யாரும் இல்லை, இவள்தான் போனை எடுத்து அம்புலன்சைக் கூப்பிட்டு வழி சொன்னாளாம். ஆனால் எல்லாம் தலைகீழ். "மேடம் ஹீ ஃபோல். சேர் ஷீ நொட் ஹோம்." பெண்ணுக்கு ஹீ, ஆணுக்கு ஷீ, போனுக்கும் ஷீ, அம்புலன்சுக்கு ஹீ.

எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. அவள் சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதினேன். பிறகு சிவப்புச் சோக்கை எடுத்து அம்புகளைப் போடத் தொடங்கினேன். இந்த ஹீ யார், வீட்டுக்காரச் சேரோ? அப்ப குளியலறையில் விழுந்தது சேர்தானே. இந்த ஷீ வீட்டில் இல்லையாம், அப்ப மேடம் எங்கே, சந்தைக்கோ? ஒவ்வொரு அம்புக்கும் வகுப்பு சிரித்தது. சிரிக்கச் சிரிக்க எனக்கு உசார் கூடியது. கடைசியில் பலகை சிக்குப்பட்ட வலைபோல ஆகிவிட்டது. அவளும் முதலில் சேர்ந்து சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. நான் விட்டிருக்கலாம், ஆனால் விடவில்லை.

"உம்மட இங்கிலிஸை இஞ்ச மட்டும் வைச்சுக்கொள்ளும்," என்றேன். "வெள்ளைக்காரருக்கு முன்னால வாயைத் திறந்து எங்கட ஊரை வெக்கப்படுத்தாதையும்."

அவள் கொப்பியை மூடிக்கொண்டு இருந்தாள். அடுத்த கிழமை வரவில்லை, அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. பதிவு எழுதுகிற வேலையும் அவளுக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் ஒன்றுதான் மனதை அரிக்கிறது. அன்று ஹீ யார் என்று ஒன்பது தரம் கேட்டேன். அம்புலன்ஸ் வந்ததா, அந்த அம்மா பிழைத்தாளா என்று நானும் கேட்கவில்லை, வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆவணி பதினாலாம் திகதி. அடுத்த நாள் மடு மாதா பெருநாள். கன வருடங்களுக்குப் பிறகு பயமில்லாமல் போகிற பெருநாள் என்று தீவில் முக்கால்வாசிச் சனம் மடுவுக்குப் போய்விட்டது. எனக்கு முழங்கால் வருத்தம், வீட்டில் நின்றேன். பத்து மணியளவில் படலைக்கு முன்னால் ஓட்டோ வந்து நின்றது. பேதுருவின் தம்பி இறங்கி ஓடி வந்தான்.

பேதுருவை எல்லாருக்கும் தெரியும். வலைகாரன். எங்கள் கரையில் அவன் கை வைத்துப் பொத்திய வலை திரும்பக் கிழியாது என்பார்கள். ஒன்பது நாட்களுக்கு முன் வலையிலிருந்து திருக்கை ஒன்றைக் கழற்றும்போது அதன் முள் வலது கையில் ஏறிவிட்டது. ஆண்பிள்ளை, கவனிக்காமல் விட்டான். கை வீங்கி, விரல்கள் கறுத்து, காய்ச்சல் ஏறி நினைவு தப்பிய பிறகுதான் சிஸ்ரர்மாரின் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்தது வெளிநாட்டு டாக்குத்தர் ஒருவர் மட்டும். தமிழ் டாக்குத்தர் லீவில். டாக்குத்தருக்கு மொழிபெயர்க்கிற எடித் சிஸ்ரர் பெருநாளுக்குப் போன பஸ்ஸில். டாக்குத்தர் என்னவோ பெரிய விஷயம் கேட்கிறார், மாஸ்டர் வந்தால்தான் சரி என்று பேதுருவின் மனிசி மாக்கிறட் சொல்லி அனுப்பியிருந்தாள்.

மெய்யாகச் சொல்கிறேன், முழங்காலைச் சாட்டிப் போகாமல் விடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் படலைக்கு வெளியே அயல்சனம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டோவில் ஏறினேன்.

டாக்குத்தர் மெல்லிய உயரமான மனிதர். இங்கிலிஸ் அவருக்கும் தாய்மொழி இல்லை என்று பிறகு அறிந்தேன். என்னை மாஸ்டர் என்று மாக்கிறட் காட்டியதும் அவர் முகம் தெளிந்தது. கை கொடுத்தார். பிறகு கதைக்கத் தொடங்கினார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஒன்றும் என்றால் ஒன்றும்தான். சொற்கள் வந்தன, சில சொற்கள் தெரிந்த சொற்கள்தான். கை என்றார், மருந்து என்றார், இரவு என்றார். அதற்குப் பிறகு எல்லாம் இற், இற், இற். அது வேலை செய்தால், அது பரவினால், அதை எடுத்தால், அதைப் பார்த்தால். எந்த இற்? கையா, மருந்தா, நஞ்சா? நான் மனதுக்குள் ஓர் அம்பைத் தூக்குவதற்குள் மூன்று வசனம் தாண்டிப் போய்விட்டது. கடதாசியில் எழுதித் தந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்திருப்பேன். எழுதித் தாருங்கள் என்று கேட்பதற்கும் இங்கிலிசில் வாய் திறக்க வேண்டுமே. அவர் ஒரு கையால் மற்றக் கையின் மணிக்கட்டை வெட்டுவதுபோலக் காட்டினார். பிறகு உள்ளங்கையை விரித்து நிறுத்துவதுபோலக் காட்டி, யன்னலுக்கு வெளியே வெயிலைக் காட்டி, என்னையும் மாக்கிறட்டையும் மாறி மாறிப் பார்த்தார். முதலாவது எனக்கு விளங்கிவிட்டது. இரண்டாவதை, வெளியே போய் நில்லுங்கள் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

கேள்வி கேட்டிருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது. கேட்டுவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாக்கிறட் பார்த்தாள், பேதுருவின் தம்பி பார்த்தான், பக்கத்துக் கட்டில்காரர்கூடப் பார்த்தார்கள்.

அப்போதுதான் பின்னால் ஒரு குரல். "மாஸ்டர், டாக்குத்தர் கேக்கிறது என்னெண்டால்..." திரும்பினேன். பிரான்சிஸ்கா, கையில் துடைப்பத்தோடு.

நான் அன்று செய்ததிலேயே கேவலமானது இதுதான், வேறு எதுவும் இதற்குக் கிட்ட வராது. இவள் வாய் திறந்தால் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. இவளுக்கு விளங்கியிருக்கிறது, எனக்கு விளங்கவில்லை, அது இத்தனை பேருக்கு முன்னால் தெரியப்போகிறது.

"உம்மட வேலையைப் பாரும்," என்றேன். "தெரியாத விஷயத்தில தலையிடாதையும்."

டாக்குத்தர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். டாக்குத்தர் திரும்பி என்னைப் பார்த்து, கடைசிக் கேள்வியை இன்னொருதரம் ஆறுதலாக, மெதுவாகக் கேட்டார்.

"யெஸ், டொக்டர்," என்றேன். "யெஸ். யெஸ்."

எனக்கு வெற்றிகரமாக வந்த இங்கிலிஸ் அவ்வளவுதான். அவர் கொஞ்சம் யோசித்து, தலையை ஆட்டி, படிவம் ஒன்றை நீட்டினார். நான் மாக்கிறட்டிடம், கையை வைத்திருக்க ஏலாதாம், எடுக்க வேண்டுமாம், கையெழுத்துப் போடும் என்று சொன்னேன். அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. மாஸ்டர் சொன்னால் சரி என்று போட்டாள். சாட்சி என்ற இடத்தில் நான் அழகான எழுத்தில் என் முழுப்பெயரை எழுதினேன். பின்னேரம் இரண்டு மணிக்குப் பேதுருவின் வலது கை மணிக்கட்டோடு போனது.

அவன் பிழைத்தான். ஊர் என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. மாஸ்டர் இல்லாவிட்டால் பேதுரு இல்லை என்று மீன்வாடியில் கதை. பங்குச் சுவாமி பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் சொன்னார், எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு பேதுரு ஒவ்வொரு சனிக்கிழமையும் மீன் கொடுத்து அனுப்பினான். நானும் வாங்கினேன். வெட்டத்தானே வேண்டியிருந்தது, நான் சொன்னது சரிதானே என்று எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். நாலு மாதம் அப்படி ஓடியது.

மார்கழியில் டாக்குத்தர் தன் நாட்டுக்குத் திரும்பினார். பிரியாவிடைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். தேநீர் குடித்துக்கொண்டு நிற்கும்போது எடித் சிஸ்ரர் என் பக்கம் வந்தா. குரலைத் தாழ்த்தி, டாக்குத்தருக்கு அந்தப் பேதுருவின் கை இன்னும் மனதில் கிடக்கிறது என்றா. புது மருந்தை ஏற்றி அடுத்த நாள் காலைவரைக்கும் பார்க்கலாம், கை தப்பினாலும் தப்பும், ஆனால் நஞ்சு மேலே ஏறுகிற ஆபத்தும் உண்டு, வலைகாரன் கை என்பதால் குடும்பம்தான் முடிவெடுக்க வேண்டும் என்று அவர் கேட்டாராம். உடனே எடுக்கட்டுமா என்பது அவருடைய கடைசிக் கேள்வி. குடும்பம் ஏன் ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை என்று அவருக்கு விளங்கவேயில்லையாம்.

"நீங்கள் ரெண்டு பக்கமும் விளங்கப்படுத்தினீங்கள்தானே, மாஸ்டர்?"

"ஓம் சிஸ்ரர். வடிவாச் சொன்னனான்."

பாருங்கள், அந்தப் பதில் எவ்வளவு சுகமாக வந்தது. முதலாவது பொய்யையாவது பயத்தில் சொன்னேன். இதைத் தேநீர்க் கோப்பையோடு சிரித்த முகமாய்ச் சொன்னேன். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தபோதுதான் செய்தது என்ன என்று உறைத்தது. கை தப்பியிருக்குமோ இல்லையோ, அது டாக்குத்தருக்கும் தெரியாது, ஆண்டவருக்குத்தான் தெரியும். ஆனால் கேள்வி அவர்களுடையது. அதை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுக்காமல் நானே வாயில் போட்டு விழுங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு என்னால் வகுப்பு எடுக்க முடியவில்லை. முழங்காலைச் சாட்டினேன். சனிக்கிழமை மீன் வந்தால் அயல்வீட்டுக்குக் கொடுத்தேன், அந்த மணம் வீட்டில் நிற்கக் கூடாது. தவக்காலம் பிறந்தது. பாவசங்கீர்த்தனம் செய்யப் போய் முழங்காலில் நின்று, சுவாமி, நான் பொய் சொன்னேன் என்றேன். என்ன பொய், யாருக்கு என்று சுவாமி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டு வந்தேன். கடவுளையும் பேய்க்காட்டி ஏமாற்றலாம் என்று நினைத்த மனிதன் நான்.

பெரிய வியாழனுக்கு முந்திய கிழமை, ஒரு காலை, இனி முடியாது என்று வெளிக்கிட்டேன். பேதுருவின் வீட்டு வாசலில் மாக்கிறட் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்து கதிரையைத் தூக்கிப் போட்டாள். முகம் நன்றாக வாடியிருந்தது. தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். நான் தொண்டையைச் செருமி, மாக்கிறட், உம்மோடு ஒரு விஷயம் கதைக்க வேண்டும் என்று தொடங்கினேன்.

"தெரியும் மாஸ்டர்," என்று அவள் அழத் தொடங்கிவிட்டாள். "சிஸ்ரர் சொல்லியிருப்பா. தயவுசெய்து இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

நான் திகைத்துப்போனேன். என்னவென்று கேட்டேன். அழுகைக்குள் அழுகையாக அவள் சொன்னது இதுதான். அன்று கையெழுத்துப் போட்ட பிறகு, சத்திரசிகிச்சைக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் இருக்கும்போது, தண்ணீர்க் குழாயடியில் பிரான்சிஸ்கா அவளிடம் வந்தாளாம். டாக்குத்தர் இன்றைக்கே வெட்டத்தான் வேண்டும் என்று சொல்லவில்லை, நாளை காலைவரைக்கும் பார்க்கலாம், உன் விருப்பம் என்ன என்றுதான் கேட்டார் என்று சொன்னாளாம். மாக்கிறட் நம்பவில்லை. மாஸ்டருக்கு விளங்காதது உங்களுக்கு விளங்கினதோ, வகுப்பில் மாஸ்டர் உங்களை நாறடித்த கோபத்துக்கு இப்படிக் கதை கட்டுறீங்களோ என்று ஏசிக் கலைத்துவிட்டாளாம். பிறகு மருந்து கட்டப் போன நாளில் எடித் சிஸ்ரர், ஏன் பிள்ளை பொறுக்கவில்லை என்று கேட்டபோதுதான் பிரான்சிஸ்கா சொன்னது மெய் என்று தெரிந்ததாம்.

"உங்களுக்கு அந்த நேரம் வார்ட்டுச் சத்தத்தில கேக்காமல் போயிருக்கும், மாஸ்டர். உங்களில பிழை இல்லை. எனக்கு ஒராள் வந்து சொன்னவ எல்லோ. நான்தான் கேக்கேல்லை. நான்தான் இவற்ற கையை வெட்டினது."

அந்தக் கதிரையில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. எட்டு மாதமாக இந்தப் பெண் என்னுடைய பாவத்தைத் தன் தலையில் வைத்துச் சுமந்திருக்கிறாள். சுமந்துகொண்டே எனக்கு மீன் அனுப்பியிருக்கிறாள். இப்போதும் எனக்கு நல்ல சாட்டு ஒன்றைக் கையில் தருகிறாள். ஓம், வார்ட்டில் சத்தம்தான் என்று நான் சொன்னால் போதும், எழும்பிப் போய்விடலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது, உங்களிடம் மறைக்க மாட்டேன்.

"சத்தம் ஒண்டும் இல்லை, மாக்கிறட்," என்றேன். "எனக்கு டாக்குத்தர் சொன்னதில ஒண்டும் விளங்கேல்லை. வெக்கத்தில யெஸ் எண்டு சொன்னனான்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வாசற்படியில் நிழல் விழுந்தது. பேதுரு உள்ளேதான் இருந்திருக்கிறான், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். இடது கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றுகூட இருந்தது. எழும்பி, பேதுரு, என்னை மன்னியும் என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, மனிசியைப் பார்த்தான். இவ்வளவு மாதமும் நீ கைக்காக அழுகிறாய் என்று நினைத்திருந்தேனே என்று அவளிடம் மெல்லச் சொன்னான். பிறகுதான் என் பக்கம் திரும்பினான்.

"பிரான்சிஸ்காக்காவிட்டயும் போய்ச் சொன்னனீங்களோ?"

இல்லை என்றேன்.

"அப்ப அங்க போங்கோ, மாஸ்டர். இஞ்ச இண்டைக்கு இருக்கவேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. வாங்கோ இருங்கோ என்று எட்டு மாதம் சொன்ன வாய், இருக்கவேண்டாம் என்றது. அவ்வளவுதான். அதைவிட அடித்திருக்கலாம்.

பிரான்சிஸ்காவின் வீடு கோயிலுக்குப் பின் ஒழுங்கையில். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற நீலச் சட்டையைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள். வாங்கோ மாஸ்டர் என்றாள், கண்ணைப் பார்க்காமல். இருக்கச் சொல்லும்வரை நான் பொறுக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வகுப்பில் செய்தது பிழை, வார்ட்டில் செய்தது அதைவிடப் பெரிய பிழை, உமக்கு விளங்கினது எனக்கு விளங்கவில்லை, அது தெரியக் கூடாது என்றுதான் உமது வாயை அடைத்தேன் என்றேன். முப்பத்தொரு வருடம் படிப்பித்த மனிதன், கொடியில் காய்கிற சட்டைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மற்றச் சாதாரண நாட்களில் எடித் சிஸ்ரர் இல்லாத நேரம் டாக்குத்தருக்கும் நோயாளருக்கும் இடையில் தானே சொல்லிக்கொடுப்பது வழக்கம் என்று சொன்னாள். எங்கே நோகிறது, எப்போது காய்ச்சல், குளிசை சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா. அவருக்குத் தன் இங்கிலிஸ் நன்றாக விளங்குமாம். குற்றம் சொல்லுகிற குரலில் சொல்லவில்லை, யாரோ கேட்டதற்குத் தகவல் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு கொடியில் இருந்து கையை எடுத்தாள்.

"மாஸ்டர், நீங்கள் என்னை ஏசின பிறகும் டாக்குத்தர் என்னைத்தான் பாத்தவர். நான் அவரிட்டயே சொல்லியிருக்கலாம். மாஸ்டருக்கு விளங்கேல்லை, குடும்பத்தைக் கேளுங்கோ எண்டு. ஒரு வசனம்." அவள் குரல் இறங்கிவிட்டது. "ஆனால் நீங்கள் பக்கத்தில நிண்டீங்கள். வாயைத் திறந்தால் ஹீ, ஷீ பிழைச்சுப்போம், நீங்கள் திரும்பவும் சிரிப்பீங்கள் எண்டு வெக்கமா இருந்தது. அதுக்காகப் பேசாமல் நிண்டிட்டன். ஒரு மனிசன்ர கை போகுது, நான் அதை யோசிச்சுக்கொண்டு நிண்டனான்."

உம்மில் பிழை இல்லை என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் அது எவ்வளவு பெறுமதி இல்லாத சொல் என்று எனக்கே தெரிந்தது. அவள் கேட்டதாகவும் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல்தரமாக என் முகத்தை நேரே பார்த்தாள்.

"பேதுருவிட்ட மன்னிப்புக் கேக்கவேணும் எண்டு எட்டு மாசமா நினைக்கிறன், மாஸ்டர். தனியப் போகத் துணிவில்லை. நீங்கள் ஒருக்கா என்னோட வருவீங்களோ?"